ஜீனோவுக்குப் பற்றரி மாத்தினது ஆர்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கட வாசிப்பு வட்டத்திலேயே வயதில் குறைந்தவர். ஓ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை இரண்டு நாளில் வாசித்து முடித்தவர், உதயசூரியன் கடற்கரையில் நாங்கள் வழமையாகக் கூடுகிற இடத்தில் கச்சான் கோதை உடைத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி அண்ணா, அந்த நாய்க்கு ஆர் பற்றரி மாத்தினது?"

முதலில் சிரித்தோம். பிறகு தேடினோம். ஒராள் புத்தகத்தைப் புரட்டி ஒரு இடத்தைக் காட்டினார். இன்னொராள், அது காணாது, இவ்வளவு ஓட்டம் ஓடுகிற இயந்திரத்துக்கு அந்த ஒரு வரி எப்படிக் காணும் என்றார். மூன்றாமவர் அது கதைதானே, விடுங்கோ என்றார். அந்த "விடுங்கோ"வில்தான் சண்டை தொடங்கியது. இருட்டுப்பட்டு, நுளம்பு கடிக்கத் தொடங்கின பிறகும் முடியவில்லை. அந்தச் சண்டையின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

வாசிக்காத ஆக்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1980களில் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்த அறிவியல் புனைகதை இது. கதை நடக்கிற காலம் 2020களின் தொடக்கம், அதாவது நாங்கள் இப்போது தாண்டி வந்துவிட்ட காலம். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். ஆக்களுக்கு இலக்கம் இருக்கிறது, பேரெல்லாம் இரண்டெழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேணும். நிலா ஒரு சாதாரண இல்லத்தரசி. அவளுடைய கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டுக்கு வந்து சேர்கிற ரவியிடம் ஒரு ரொபோ நாய் இருக்கிறது. அதுதான் ஜீனோ. புத்தகம் வாசிக்கும், வாதாடும், பகிடி விடும். கடைசியில் மனிசரை விட நாயிலேயே எங்களுக்குப் பாசம் வந்துவிடும். இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தேன் என்று சொல்லுகிற ஆக்கள் ஊரில் இருக்கினம். கொடைக்கானல் கோபுரத்தில் இருந்து வாற அலையைப் பிடிக்க வீட்டுக்கு வீடு கமுகு உயரத்துக்கு அன்ரெனா கட்டின காலம் அது. காத்து மாறினால் படம் புள்ளி புள்ளியாகப் போகும். எங்களில் ஒராளின் மாமா, கனகாலமாக அந்தக் கதை பனி கொட்டுகிற ஒரு நாட்டில் நடக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்!

பகிடியை விடுவோம். "லொஜிக் இல்லை" என்ற சொல் இப்போது விமர்சனம் எழுதுகிற எல்லாருக்கும் கைக்கு எட்டுகிற தடியாகிவிட்டது. பழைய அறிவியல் கதை ஒன்றை எடுக்கிறது, அதில் ஐந்து ஓட்டை கண்டுபிடிக்கிறது, பட்டியல் போடுகிறது, முடிந்தது விமர்சனம். நாங்களும் இப்படி எழுதியிருக்கிறோம். எங்கட பழைய கட்டுரைகளைத் தோண்டிப் பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இதற்கு நேர் எதிரான ஆக்களும் இருக்கினம். சுஜாதாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல விடமாட்டினம். "அந்தக் காலத்திலயே ஹொலோகிராம் எழுதினவர் தெரியுமே" என்று பாய்ந்து வருவினம். இரண்டு பக்கத்துடனும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கேள்வி கேட்கத்தான் வேணும். ஆனால் எல்லா ஓட்டையும் ஒரே ஓட்டை இல்லை. கூரையில் இருக்கிற ஓட்டையும் புல்லாங்குழலில் இருக்கிற ஓட்டையும் ஒன்றா?

ஸ்டார் ட்ரெக்கை எடுங்கோ. 1966 இல் தொடங்கிய முதல் தொடரில் கிளிங்கன் என்ற வேற்றுக்கிரக ஆக்களின் நெற்றி எங்கட நெற்றி மாதிரியே வழுவழு என்று இருக்கும். 1979 இல் படம் வந்தபோது அதே ஆக்களின் நெற்றியில் வரப்பு வரப்பாக எலும்பு. காரணம் எல்லாருக்கும் தெரியும்: முதலில் மேக்கப்புக்குக் காசில்லை, பிறகு காசு வந்தது. ரசிகர்கள் விடவில்லை, ஆளுக்கொரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். 1996 இல் வந்த ஒரு அத்தியாயத்தில், பழைய காலத்துக்குப் போன வோர்ஃப் என்ற கிளிங்கனிடம் கூட வந்தவர்கள் நெற்றியைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நாங்கள் வெளி ஆக்களிடம் கதைப்பதில்லை என்கிற மாதிரி ஒரு வசனத்தோடு நிறுத்திவிடுகிறார். அவ்வளவுதான். 17 வருசக் கேள்விக்கு அதைவிட நல்ல மறுமொழி இருக்கமுடியாது. எங்கட வீடுகளிலும் இப்படிக் கதைக்காத விசயங்கள் இருக்கினந்தானே.

ஆனால் 2005 இல் இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் சும்மா இருக்கவில்லை. மரபணு மாற்றம், அதிலிருந்து பரவின வைரஸ், அதனால் நெற்றி மட்டமாகியது என்று இரண்டு அத்தியாயம் எடுத்து விளக்கியது. விளக்கம் பிழை இல்லை. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் வோர்ஃபின் அந்த முகத்தை நினைத்துச் சிரிக்க இனி ஏலாது. அவர் மறைத்தது ஒரு தடிமல் கதையாம்!

அதே தொடரில் ஆக்களை ஒரு இடத்தில் கரைத்து இன்னொரு இடத்தில் கூட்டுகிற கருவியும் இருக்கிறது. கிழமைக்குக் கிழமை ஒரு கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் காசு காணாது என்றுதான் அதை உருவாக்கினார்கள். இப்போது அது அந்தக் கதையின் உயிர். காசில்லாமல் வந்த ஓட்டை சிலவேளை வாசலாகவும் மாறும். அந்தக் கருவியில் வருகிற ஒரு பாகம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது, தொடரின் தொழில்நுட்ப ஆலோசகர் மைக்கல் ஒக்குடா, நல்லாத்தான் வேலை செய்கிறது, நன்றி என்றாராம்.

எங்களுக்கு இன்னும் பிடித்த ஒராள் கொழும்பிலேயே இருந்தார். ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இருந்து 2008 இல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1979 இல் வந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலில் பூமியில் இருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ற் கட்டுகிறார். அதைக் கட்டப் பூமத்திய கோடுதான் தோதான இடம். இலங்கையோ அந்தக் கோட்டில் இல்லை. என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளினார். தள்ளிப்போட்டு, தள்ளினேன் என்று வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார். பேரையும் தப்ரபேன் என்று மாற்றினார்.

நாங்கள் உடனே வரைபடத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். அப்படித் தள்ளினால் வல்வெட்டித்துறை பூமத்திய கோட்டில் இருந்து மூன்று பாகைக்குள் வந்துவிடும். கோடியக்கரை 800 கிலோமீற்றருக்கும் மேலே போய்விடும். கொடைக்கானல் அலை வராது. விகடனும் வராது. 1938 இல் அன்னபூரணி அம்மாளை அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் ஓட்டிப் போன ஊர் எங்கட ஊர். தூரம் எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஆனாலும் ஒரு நாவலுக்காக இவ்வளவு பெரிய இடப்பெயர்வு கொஞ்சம் கூடத்தான்.

கிளார்க்கின் நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. சுஜாதாவிடம் அது இல்லை என்பதுதான் எங்கட முறைப்பாட்டில் பாதி. அவர் ஒரு பொறியியலாளர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை செய்தவர். 'ஏன் எதற்கு எப்படி' என்று வாசகரின் அறிவியல் கேள்விகளுக்கு மறுமொழி எழுதினவர். அப்படிப்பட்டவர் தன் கதையில் மட்டும் வேகமாகப் பேசி எங்களைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். (அவரும் கிளார்க்கும் 2008 இல் 21 நாள் இடைவெளியில் இறந்தவர்கள் என்பதை இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதுதான் கவனித்தோம்.)

ஜீவாவையே பாருங்கோ. 40 வருசப் பழைய இரகசியத்தைப் போட்டுடைப்பதற்கு மன்னிக்கவேணும்: ஜீவா இரத்தமும் சதையுமான மனிசன் இல்லை, ஹொலோகிராம். வெறும் ஒளி. வாசிக்கும்போது தூக்கிவாரிப் போடுகிறது. புத்தகத்தை மூடினால் கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஒளி எப்படிக் கோப்பில் கையெழுத்துப் போடும்? ஒளியின் கட்டளையை முதலில் நம்பினவர் ஆர்? அவ்வளவு பெரிய நிர்வாகத்தில் ஒரு பியோன் கூட, ஐயா தேத்தண்ணி குடிக்கிறதே இல்லை என்று கவனிக்கவில்லையா?

இந்த ஓட்டையை எங்களில் பாதிப்பேர் மன்னித்துவிட்டோம். ஏனென்றால் ஆட்சி நடக்கிற விதமே அப்படித்தான். கையெழுத்துப் போடுகிறவரை ஒருத்தரும் கண்டதில்லை, ஆனால் சுற்றறிக்கை வந்துவிடுகிறது. கச்சேரிக்கு ஒரு அலுவலாகப் போய், "மேலிடத்து உத்தரவு" என்ற சொல்லோடு திரும்பி வந்த எவருக்கும் ஜீவாவை விளங்கும். மற்றப் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அது நாங்கள் போட்ட ஒட்டு, சுஜாதா எழுதினது இல்லை என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் நிலா ஆட்சிக்கு வருகிற வேகத்தை எங்களில் ஒருத்தரும் மன்னிக்கவில்லை. முதல் பாகத்தின் தொடக்கத்தில் கணவனைக் கேட்காமல் ஒன்றும் செய்யாத பெண், இரண்டாம் பாகத்தில் சிம்மாசனத்தில் இருக்கிறாள். பொம்மை அரசிதான், கயிறு ரவி, மனோ கையில்தான். இருந்தாலும் அவளுக்குள் என்ன நடந்தது என்பதற்கு எங்களுக்குக் காணுகிற அளவு இடமில்லை. நாய்க்குக் கொடுத்த மூளையில் பாதியை நிலாவுக்குக் கொடுத்திருக்கலாம் என்று எங்கட வட்டத்துப் பெண்பிள்ளைகள் சொன்னார்கள். இது கூரை ஓட்டை. மழை ஒழுகுகிறது.

இனித்தான் நாங்கள் எழுத நினைத்த விசயம்.

பற்றரிக் கேள்வி வீட்டுக்கு வீடு பரவி, எங்களில் ஒராளின் பெரியம்மாவின் காதுக்கும் போனது. அவா சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதானே" என்றா. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு கறண்ட் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். ஒராள் சுத்தவேணும், மற்றவர்கள் கேட்கவேணும். சுத்துகிற ஆளுக்கு மூச்சு வாங்கினால் செய்தி வாசிக்கிறவருக்கும் மூச்சு வாங்கும். அந்த நாளில் ஜீனோவை நினைத்து, இந்த நாய் இங்க வந்திருந்தால் ரெண்டு நாள் தாங்காது என்று சொல்லிச் சிரித்தவையாம். ஆக, கேள்வி புதிது இல்லை. எங்களுக்கு முதலே ஊர் கேட்டுவிட்டது.

பிறகு பெரியம்மா அலுமாரியைத் திறந்து ஒரு கட்டு எடுத்துத் தந்தா. விகடனில் இருந்து கிழமைக்குக் கிழமை கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக ஒட்டின தொடர். சுஜாதாவின் பேருக்குக் கீழே நீலப் பேனையால் பெரியம்மாவின் பேர். ஓரமெல்லாம் கறையான் அரித்திருக்கிறது. இரண்டு முறை வீட்டை விட்டு ஓடினபோதும் இந்தக் கட்டு கூடப் போயிருக்கிறது. நகை இருந்த பையில்தான் இதுவும் இருந்ததாம்.

கடலுக்கு அங்கால் இருந்து வருகிற புத்தகம். ஒழுங்காக வருகிற காலமும் இல்லை. மூன்று கிழமை அவாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த மூன்று இடத்திலும் கொப்பித்தாள் தைத்திருக்கிறது. சின்னச் சின்ன எழுத்தில், மொத்தம் பதினொரு பக்கம். வராத கிழமைகளை அவாவே எழுதியிருக்கிறா.

நாங்கள் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டோம். முதல் இரண்டு கிழமையில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்னுக்குப் பின்னுக்கு வாசித்து நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து எழுதியிருக்கிறா. ரவியை முதலில் இருந்தே நம்பவில்லை என்பது தெரிகிறது. ஜீனோவுக்குச் சுஜாதா கொடுக்காத ஒரு வேலையும் கொடுத்திருக்கிறா: நிலா அழும்போது அவளுடைய காலடியில் வந்து படுக்கிறது. இயந்திரம் என்பதால் உடம்பு சூடாக இருக்காது, அதனால் கொஞ்ச நேரம் வெயிலில் போய்க் கிடந்துவிட்டு வருகிறது. இதை வாசித்ததும் ஓ.எல். தம்பி துள்ளினார்: "வெயில்! அப்ப அதுக்குச் சோலார்!" பற்றரிப் பிரச்சினை தீர்ந்தது என்பது அவருடைய கட்சி.

மூன்றாவது கிழமைதான் வேறு. சிபியைத் தேடி நிலா அலுவலகத்துக்குப் போகிற இடம். அச்சில் அவனுக்கு என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்லமாட்டோம், இனி வாசிக்கப்போகிற ஆக்களும் இருக்கினம். பெரியம்மாவின் பக்கங்களில் நிலா திரும்பி வரவில்லை. இயந்திரம் தெரியாது என்று சொன்ன பிறகும் அங்கேயே இருக்கிறாள். வாசலில், நிலத்தில், சிபியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் ஜீனோ. காவலாளி வந்து அலுவலகம் பூட்டப்போகிறோம் என்கிறான். பூட்டுங்கோ, நாளைக்குத் திறப்பியள்தானே என்கிறாள். அடுத்த நாள் இன்னொரு பெண் வந்து பக்கத்தில் இருக்கிறாள். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். பதினோராம் பக்கம் அதோடு முடிகிறது. அடுத்த தாளில் திரும்பவும் அச்சு, படத்தோடு, வேகமாக ஓடுகிற சுஜாதா.

அவா இதை எழுதினது 80களில். கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியோரம் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினது 2017 பெப்ரவரியில். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது 2016 இல். நாங்கள் ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

எங்கட சண்டையில் வந்த கேள்விகளில் ஒன்று, பதிவேட்டில் இருக்கிற ஒரு மனிசனை எப்படி இல்லையென்று சொல்லமுடியும் என்பது. அவ்வளவு கொம்பியூட்டர் இருக்கிற நாட்டில் ஒரு தடயம் கூட இல்லாமல் போகுமா, லொஜிக் இடிக்கிறதே என்று எங்களில் ஒராள் நீளமாக எழுதியும் வைத்திருந்தார். வேறு ஊர்களில் இருக்கிற நண்பர்கள் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கினம். பெரியம்மாவுக்கு அது கேள்வியாகவே தெரியவில்லை. அந்தப் பக்கங்களில் அதை விளக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அவா கேட்டது, சரி, பிறகு அவள் என்ன செய்வாள் என்பதைத்தான். எழுதி வைத்திருந்தவர் அந்தப் பந்தியைக் கிழித்துவிட்டார். அது பிழையான கேள்வி என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த இடத்தில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஓட்டை இடம் மாறுகிறது.

பிபிசி 1963 இல் தொடங்கிய 'டொக்டர் ஹூ' என்ற தொடரின் பழைய அத்தியாயங்களை அவர்களே அழித்துவிட்டார்கள். நாடாவைத் திரும்பப் பாவிக்கலாம், வைக்க இடமில்லை என்ற கதைதான். 90க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ரேப் ரெக்கோடரை வைத்துப் பதிந்த பிள்ளைகளால். 2013 இல் ஒன்பது அத்தியாயங்கள் நைஜீரியாவில் கிடைத்தன என்று அறிவித்தார்கள். இப்படிச் சேர்த்து வைத்த ரசிகர்களை உலகம் கொண்டாடுகிறது. எங்கட ஊரில் இதே வேலையைச் செய்த பெரியம்மாமார் எத்தனை பேர், அவர்களின் கட்டுகள் எந்தெந்தப் பங்கருக்குள், எந்த எரிந்த வீட்டுக்குள் போயின என்று கணக்கு எடுக்க ஆளில்லை.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாரோ முழுப் புத்தகத்தை வாங்கி வந்து பெரியம்மாவுக்குக் கொடுத்திருக்கினம். வாசித்தும் இருக்கிறா. எங்களில் ஒராள், கேட்கக்கூடாத கேள்வியாகத்தான் இருக்கவேணும், கேட்டுவிட்டார்: "உண்மையான கதை தெரிஞ்ச பிறகும் ஏன் பெரியம்மா உங்கட தாளைக் கழட்டேல்ல?"

"அது புத்தகத்தில நடந்தது தம்பி. இது வராத கிழமையில நடந்தது" என்றா. பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா.

அந்தப் பதினொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். வெளியிடலாமா என்று கேட்டதற்கு அவா இன்னும் மறுமொழி சொல்லவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த மாதம் 'மீண்டும் ஜீனோ' வாசிக்கிறோம். அந்தத் தொடரும் பெரியம்மாவிடம் தைத்தபடி இருந்ததாம். யாரோ வாசிக்க வாங்கிக்கொண்டு போய், திருப்பித் தரவில்லை. கலண்டர் மட்டை அட்டை, நீலப் பேனையில் பேர், நடுவில் கொப்பித்தாள். உங்கட வீட்டு அலுமாரியில், பரணில் அப்படி ஒன்று கிடந்தால் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.